இருமுனைத் துடுப்பும் நின்று செலுத்தும் பலகையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே கோவளம் கரையிலோ முட்டுக்காட்டுக் கழிமுகத்திலோ பேடில் போர்டு, அதாவது நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை, இறக்குபவர்கள் பலரிடம் இப்போது இரு முனையிலும் தகடுள்ள இருமுனைத் துடுப்பு ஒன்று இருக்கிறது. காற்றடைக்கும் பலகையை ஆன்லைனில் வாங்கினால் பெரும்பாலும் அதுவும் பையோடு சேர்ந்து வந்துவிடுகிறது. எதற்காக வந்தது என்று யாரும் சொல்வதில்லை. அதனால் கரையில் நிற்பவர்களிடம் கேட்கிறார்கள், பெரும்பாலும் ஒரே கேள்விகளை. பதில்களை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன்.

பையில் இரண்டு தகடுகளும் ஒரு பிடியும் இருக்கின்றன. எதை எதோடு மாட்டுவது?

தண்டின் ஒரு முனையில் தகடு, மறுமுனையில் உள்ளங்கைக்குள் அடங்கும் குறுக்குப் பிடி என்று மாட்டினால் அது ஒருமுனைத் துடுப்பு. நின்றுகொண்டு போவதற்கு அதுதான். உங்கள் உயரத்தைவிட 20 முதல் 25 செ.மீ. கூடுதலாக வைத்துப் பூட்டிக்கொள்ளுங்கள்.

பிடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இரண்டாவது தகட்டைச் செருகினால் இருமுனைத் துடுப்பு, அதாவது கயாக் என்னும் ஒடுக்கமான படகில் உட்கார்ந்து போடும் துடுப்பு. பலகையின் மேல் இருக்கையை மாட்டி, உட்கார்ந்து போவதற்காக அதைக் கொடுத்திருக்கிறார்கள். பலகைப் படத்தில் ஒருவர் நின்றுகொண்டு அதைப் பிடித்திருந்தால், படம் எடுத்தவருக்குத் தண்ணீர்ப் பழக்கம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சார், நின்றுகொண்டே இருமுனைத் துடுப்புப் போடலாமா, கூடாதா? ஒரே வரியில் சொல்லுங்கள்.

போடலாம், ஆனால் உங்கள் பையில் வந்த துடுப்பால் முடியாது.

ஏன் முடியாது? 220 செ.மீ. இருக்கிறது. என்னைவிட உயரமாக இருக்கிறதே!

ஒருமுனைத் துடுப்பில் தகட்டுக்கும் பிடிக்கும் இடையே உள்ள முழு நீளமும் ஒரே பக்கத்துக்குப் பயன்படுகிறது. இருமுனைத் துடுப்பில் அந்த நீளத்தை இரண்டு பக்கமும் பங்கிட வேண்டும். நடுவில் இரண்டு கைகளுக்கு இடையே உள்ள பகுதி வேறு கழிந்துவிடும். உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால்தான் இது கண்ணில் படுவதில்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 170 செ.மீ. உயரம் என்றால், முழங்காலைச் சற்று மடக்கி நின்று கையை முழுதும் தொங்கவிடும்போது உங்கள் உள்ளங்கை பலகைக்கு மேல் ஏறத்தாழ 70 செ.மீ. உயரத்தில் இருக்கும். பலகையின் மேற்பரப்பு நீரிலிருந்து ஒரு 10 செ.மீ. ஆகக் கைக்கும் நீருக்கும் இடைவெளி 80 செ.மீ. இப்போது 220 செ.மீ. துடுப்பை எடுத்து, இரண்டு கைகளுக்கும் இடையே 60 செ.மீ. விட்டுப் பிடியுங்கள். மிச்சம் 160. பக்கத்துக்கு 80.

அதாவது தகட்டின் நுனி நீரைத் தொடும். அவ்வளவுதான். தகடு மூழ்க இன்னும் 40 செ.மீ. வேண்டும், அதற்காக நீங்கள் இடுப்பை ஒடித்துக் குனிவீர்கள். நாற்பது நிமிடம் அப்படிக் குனிந்து போனவர்கள்தான் கரைக்கு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இந்த விளையாட்டையே குறை சொல்கிறார்கள்.

அப்படியானால் நீளமான துடுப்பாக வாங்கிவிட்டால் போயிற்று, இல்லையா?

மேலே சொன்ன கணக்கைத் தொடர்ந்தால் பக்கத்துக்கு 120, நடுவில் 60, ஆக 3 மீட்டர். இது தண்டைச் செங்குத்தாக நிறுத்தினால் வரும் கணக்கு. சற்றுச் சாய்த்துப் பிடித்தால் இன்னும் கூடும். கயாக் துடுப்புகள் பெரும்பாலும் 210 முதல் 250 செ.மீ. வரைதான் கிடைக்கும். 3 மீட்டருக்குத் தேடித்தான் வாங்க வேண்டும், அல்லது இணைப்புத் தண்டு சேர்க்க வேண்டும்.

கிடைத்தாலும் அதைத் தூக்கிப் பாருங்கள். மொத்த எடை பெரிதாகத் தெரியாது. ஆனால் தகடுகள் இரண்டும் கையிலிருந்து வெகு தூரத்தில் இருப்பதால், ஒவ்வொரு வலிப்புக்கும், அதாவது தகட்டால் நீரை இழுக்கும் ஒவ்வொரு முறையும், காவடியைச் சுழற்றுவது போலத் தோளுக்கு வேலை வரும். நீருக்கு வெளியே இருக்கும் தகடு தலைக்கு மேலே போகும். அங்கே காற்று பிடிக்கும், அங்கிருந்து தண்ணீர் தண்டு வழியே ஒழுகி முழங்கையை நனைக்கும். தண்டில் மாட்டும் ரப்பர் வளையங்கள் கொஞ்சம் தடுக்கும். குழுவாகப் போகும்போது பக்கத்துப் பலகைக்காரரின் தலையும் உங்கள் கணக்கில் இருக்க வேண்டும்.

காற்றில்லாத, அகலமான, அமைதியான நீரில் மெதுவாகப் போக அது நன்றாகவே இருக்கும். கை மாற்ற வேண்டியதில்லை, இரு பக்கமும் ஒரே தாளத்தில் விழும். அந்த இன்பத்துக்காக வைத்திருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். முதல் துடுப்பாக மட்டும் வாங்காதீர்கள்.

உலகத்தில் யாருமே நின்றுகொண்டு இருமுனைத் துடுப்புப் போடுவதில்லையா?

போடுகிறார்கள். இஸ்ரேலின் மத்தியதரைக் கடற்கரையில் உயிர்காப்பாளர்கள் 'ஹசாகே' என்ற அகலமான பலகையை வைத்திருக்கிறார்கள். அதில் நின்றபடி நீண்ட இருமுனைத் துடுப்பால் அலையைக் கடந்து போய், மூழ்குபவரைப் பலகையில் ஏற்றிக்கொண்டு திரும்புவார்கள். நின்றால் தூரத்தில் தத்தளிக்கும் தலை தெரியும், இரு பக்கத் துடுப்பால் இடைவெளியில்லாமல் உந்தலாம். ஆனால் கவனியுங்கள்: பலகை அகலம், போகும் தூரம் குறைவு, போடுபவர் அதையே தொழிலாகச் செய்கிறவர். நம் 81 செ.மீ. அகலக் காற்றடைத்த பலகையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறுகிறவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் பொருந்தாது.

ஆஸ்திரேலியாவில் அலையில் செலுத்தும் நீண்ட, ஒடுக்கமான கலமான சர்ஃப் ஸ்கீ இன்னொரு உதாரணம். சிட்னி மேன்லியைச் சேர்ந்த மருத்துவர் கிராகன்தார்ப் 1933-இல் அதைப் பதிவுசெய்தார். உட்கார்ந்து இருமுனைத் துடுப்பால் அலைக்கு வெளியே போவார்கள். திரும்பும்போது அலைமேல் எழுந்து நின்று வருகிறவர்களும் இருந்தார்கள். பெருவில் வாஞ்சாக்கோ மீனவர்கள் கோரைப்புல் கட்டிச் செய்த படகில் மண்டியிட்டு, பிளந்த மூங்கிலை இரு பக்கமும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். நம் கட்டுமரத்திலும் மண்டியிட்டுத்தான் பெரும்பாலும் வலித்தார்கள், தேவைப்பட்டபோது நின்றார்கள். நீண்ட தூரத்துக்கு உடம்பைத் தாழ்த்து என்பதை எல்லாக் கரையிலும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நாம் இன்று பார்க்கும் ஒருமுனைத் துடுப்புப் பாணி ஹவாயில் வளர்ந்தது. அங்குள்ள வைக்கீகீ கடற்கரையில் அலைச்சறுக்கு கற்றுக்கொடுத்தவர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவிலேயே பலகையில் நின்று துடுப்புப் போட்டார்கள். 2000-ஐ ஒட்டி லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா போன்ற அலைச்சறுக்கு வீரர்கள் அதை மறுபடி பரவலாக்கினார்கள்.

உட்கார்ந்துதான் போடவேண்டும் என்றால் நான் கயாக்கே வாங்கியிருப்பேனே?

முழு நேரமும் உட்கார்ந்தே போகப் போகிறீர்கள் என்றால் கயாக்தான் நல்லது. அதன் உடல் ஒடுக்கம், நீரைக் கிழித்துப் போகும். கால் ஊன்ற இடம் இருக்கும். பலகையில் எந்தத் துடுப்பைப் போட்டாலும் அது அகலமான பலகைதான், கயாக் ஆகிவிடாது.

இருமுனைத் துடுப்பின் பயன் வேறு. நின்று போய், களைத்து, காற்று எழும்பி, உட்கார்ந்து திரும்புவதற்கு அது இருக்கிறது. நிற்கப் பயப்படும் அம்மாவையோ மாமாவையோ அழைத்துப் போகவும் உதவும். இவை இரண்டும் உங்களுக்குத் தேவையில்லை என்றால் இரண்டாவது தகட்டை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

உட்கார்ந்து போட எவ்வளவு நீளம் சரி?

230 முதல் 240 செ.மீ. வரை. கயாக்கைவிடச் சற்று நீளம் தேவைப்படுவதற்கு இரண்டு காரணங்கள்: பலகை அகலம் அதிகம், 15 செ.மீ. தடிமனுள்ள பலகையின் மேல் உட்காருவதால் நீரிலிருந்து உயரமாகவும் இருக்கிறீர்கள். 220 செ.மீ. துடுப்பாலும் போகலாம். பலகையின் விளிம்பில் விரல் உரசும், அவ்வளவுதான்.

கைகளை எங்கே வைப்பது என்று அறிய, துடுப்பின் நடுவைத் தலைமேல் வைத்து, முழங்கைகள் செங்கோணமாக மடங்கும்படி பிடியுங்கள். அந்த இடத்தில் தண்டில் ஒரு சுற்று டேப் ஒட்டிவிட்டால் பிறகு பார்க்க வேண்டியதில்லை.

இருக்கையில் உட்கார்ந்தால் பலகையின் மூக்கு தூக்கிக்கொள்கிறது. ஏன்?

பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறீர்கள். பலகையைத் தூக்கும் நடுப் பிடியை அடையாளமாக வையுங்கள். உங்கள் இடுப்பு அதற்கு மேலேயோ அரைச் சாண் பின்னாலோ இருந்தால் போதும். கால்கள் முன்னால் நீள்வதால் எடை தானாகச் சமன்படும். உலோக வளையங்கள் இருக்கும் இடத்தில்தான் இருக்கையை மாட்ட முடியும் என்பது உண்மை. ஆனால் முன்பட்டையை இழுத்து, பின்பட்டையைத் தளர்த்தினால் கணிசமாக நகரும்.

இன்னொன்று, குதிகால் ஊன்ற ஏதாவது வேண்டும். முன்பக்க வளையங்களுக்கு இடையே ஒரு பட்டையைக் குறுக்காகக் கட்டி அதில் பாதத்தை வைத்துப் பாருங்கள். கால் ஊன்றாமல் வலித்தால், இழுக்கும் விசையில் பாதி நீங்கள் இருக்கையில் வழுக்குவதற்கே செலவாகிவிடும்.

ஒவ்வொரு வலிப்புக்கும் பலகை இடமும் வலமும் ஆடுகிறது. நேராகப் போகவே மாட்டேன் என்கிறது.

முதலில் அடியில் ஃபின், அதாவது பலகையை நேராகப் போக வைக்கும் செதில், மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். இதைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், ஆனால் பாதிப் பேருக்கு மருந்து அதுதான். முட்டுக்காட்டில் மணல்திட்டு தட்டும் என்று நடு ஃபினைக் கழற்றி வைத்துவிட்டு, பிறகு மறந்துபோகிறார்கள்.

ஃபின் இருந்தும் ஆடினால், துடுப்பைப் பலகையிலிருந்து தள்ளிப் போடுகிறீர்கள். தகடு விளிம்பை ஒட்டி இறங்க வேண்டும். அதற்காக, மேலே இருக்கும் கையைக் கண் உயரத்துக்குத் தூக்கினால் தண்டு நிமிரும். இடுப்பைத் தாண்டி இழுக்காதீர்கள். அதற்குப் பின்னால் இழுப்பதெல்லாம் பலகையைத் திருப்பத்தான் உதவும். நின்று போடும்போது பாதத்தோடு வலிப்பு முடிவதும் இதே காரணத்தால்தான்.

தகட்டை எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஒருமுனைத் துடுப்பில் தகடு கழுத்தில் ஏறத்தாழ 10 பாகை மடங்கியிருக்கும். தகட்டின் நுனி பலகையின் மூக்கைப் பார்த்துச் சாய வேண்டும். மண்வெட்டி போல உங்களைப் பார்த்து வளைந்திருப்பது தப்பு, பார்ப்பதற்கு அதுதான் சரியாகத் தோன்றினாலும்.

உண்மையான கயாக் துடுப்பில் தகடு குழிந்திருக்கும். குழிந்த பக்கம் உங்களைப் பார்க்க வேண்டும். இரு வேலைக்கும் சேர்த்துக் கொடுக்கப்படும் தொகுப்புத் தகடுகள் பெரும்பாலும் கழுத்து மடங்கியவைதான். இரண்டும் ஒரே பக்கம், முன்னோக்கி மடங்கும்படி மாட்டுங்கள். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் இருந்தால் ஒரு பக்க வலிப்பு மட்டும் நழுவும். வலக்கை பலவீனம் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.

ஒரு தகடு நேராகவும் இன்னொன்று திரும்பியும் இருக்கிறது. பழுதா?

பழுதல்ல. தகடுகளை ஒன்றுக்கொன்று 30, 45, 60 பாகை என்று திருப்பி வைக்கும் வசதி அது. எதிர்காற்றில் மேலே இருக்கும் தகடு காற்றை முகத்தால் தள்ளாமல் விளிம்பால் வெட்டிப் போகும். அதற்கு ஒரு கை தண்டை இறுகப் பிடித்து மணிக்கட்டைத் திருப்ப வேண்டும், மற்றக் கைக்குள் தண்டு தளர்வாகச் சுழல வேண்டும். பழகாதவருக்கு மணிக்கட்டு வலிக்கும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இரண்டு தகடுகளையும் ஒரே தளத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

போகும்போது நன்றாக இருந்தது, திரும்பும்போது காற்று எழும்பிவிட்டது. நின்றபடி ஓர் அடிகூட நகர முடியவில்லை. அப்போது இது உதவுமா?

உதவும். இந்தத் துடுப்பை நான் சிபாரிசு செய்வதே இதற்காகத்தான். நிற்கும் உடம்பு ஒரு பாய்மரம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு ஆகும். உட்கார்ந்தால் காற்றில் படும் உடம்பு பாதியாகக் குறைகிறது. அதோடு இரு பக்கமும் மாறி மாறித் தகடு விழுவதால், ஒரு வலிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே பலகை பின்னால் தள்ளப்படும் அந்தச் சிறு நேரமும் மிச்சமாகிறது. எதிர்காற்றில் ஒருமுனைத் துடுப்பு தோற்பது அந்த இடைவெளியில்தான்.

சென்னைக் கரையில் இரண்டு வகைக் காற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கடற்காற்று முற்பகலுக்குப் பிறகு கிழக்கு, தென்கிழக்கிலிருந்து எழும்பும். அது உங்களைக் கரைக்குத்தான் தள்ளும். முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் மேற்கே போயிருந்தால் மட்டும் திரும்பும்போது எதிர்காற்றாக நிற்கும். தொல்லைதான், ஆபத்து குறைவு. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் காலையில் மேற்கிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று வேறு ரகம். கரையோர நீர்ப்பரப்பு சலனமற்றுத் தெரியும். கட்டடங்களின் மறைவைத் தாண்டி வெளியே போகப் போகக் காற்று வலுக்கும். போகும்போது உங்கள் திறமையால் வேகமாகப் போவது போலத் தோன்றும். அந்தக் காற்றில் இருமுனைத் துடுப்பு இருந்தாலும் கடலில் இறங்காதீர்கள்.

மாட்டிக்கொண்டால் முதலில் உட்காருங்கள், இரண்டாவது தகட்டை மாட்டுங்கள், கரையில் அசையாத ஒரு கட்டடத்தைக் குறியாக வைத்து நெருங்குகிறீர்களா என்று பாருங்கள். நெருங்கவில்லை என்றால் பலகையை விட்டு மட்டும் இறங்காதீர்கள். நீந்திக் கரை சேரலாம் என்று இறங்கினால் தேடுபவர் கண்ணுக்கு உங்கள் தலை மட்டுமே தெரியும். கைப்பேசி நீர்புகாப் பையில் இருந்தால் கடலோரக் காவல் படையின் 1554-ஐ அழையுங்கள். லைஃப் ஜாக்கெட்டும், காலைப் பலகையோடு பிணைக்கும் லீஷ் கயிறும் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டுதான் இத்தனையும் சொல்கிறேன்.

நடுநீரில் எப்படி மாற்றுவது? பிடி கையிலிருந்து விழுந்துவிட்டால்?

மண்டியிட்டு மாற்றுங்கள். இரண்டாவது தகட்டை முன்பக்க எலாஸ்டிக் கயிற்றுக்கு அடியில் செருகி எடுத்துப் போங்கள். தண்டைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு பிடியைக் கழற்றி, அதே எலாஸ்டிக்கில் செருகுங்கள். பிடியைச் செருகிய பிறகே தகட்டை எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டும் கையில் இருந்தால் ஒன்று தண்ணீருக்குள் போகும்.

விழுந்தால் மிதக்குமா என்பதை வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிடலாம். தகடு பெரும்பாலும் மிதக்கும், பிடி பல தொகுப்புகளில் மூழ்கும். காற்று எழும்பிய பிறகு முதன்முறையாக இதைச் செய்து பார்க்காதீர்கள். இடுப்பளவு நீரில், கரையருகே பழகுங்கள்.

தோள் வலி இருக்கிறது. எது நல்லது?

ஒருமுனைத் துடுப்பில் மேல் கை நெற்றி உயரத்துக்குப் போகிறது. கையைத் தூக்கினால் குத்தும் வலி உள்ளவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாது. உட்கார்ந்து, தண்டைத் தாழ்த்திப் பிடித்து, கையால் இழுக்காமல் உடம்பைத் திருப்பிப் போடும் இருமுனை வலிப்பு அவர்களுக்குப் பெரும்பாலும் எளிது. நின்றபடி 3 மீட்டர் துடுப்பைப் போடுவது இதற்கு நேர் எதிர். என்ன வலி என்று மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ சொன்ன பிறகு இறங்குவது நல்லது.

பந்தயத்தில் இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. பன்னாட்டு அலைச்சறுக்குச் சங்கமான ஐஎஸ்ஏ இந்த விளையாட்டுக்கான தன் முதல் உலகப் போட்டியை 2012-இல் பெருவில் நடத்தியது. அதன் விதிப்படி போட்டியாளர் நின்றபடி, ஒருமுனைத் துடுப்பால்தான் போக வேண்டும். உள்ளூரில் நடக்கும் வேடிக்கைப் போட்டிகளில் நடத்துபவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்டு பிரியவே மாட்டேன் என்கிறது. பொத்தானும் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது.

மணல், உப்பு இரண்டும் சேர்ந்த வேலை. அலுமினியத் தண்டை ஈரத்தோடு மாட்டியபடியே பையில் வைத்துவிட்டால், இணைப்பில் வெள்ளைப் பொடி பூத்து இரண்டு குழாய்களும் ஒன்றாக இறுகிவிடும். இணைப்பின் மேல் நல்ல தண்ணீரை ஊற்றி, பொத்தானை அழுத்திக்கொண்டே இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துத் திருகுங்கள். இழுப்பதைவிடத் திருகுவது பலன் தரும். கிரீஸ் தடவாதீர்கள், அடுத்த முறை அதில் மணல் அப்பிக்கொள்ளும்.

கடலுக்குப் போய் வந்ததும் துண்டு துண்டாகப் பிரித்து, குழாய்க்குள்ளும் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் காயவைத்தால் இந்தக் கேள்வியே வராது.

புதிதாக வாங்கினால் எதைப் பார்த்து வாங்குவது?

இணைப்பைப் பாருங்கள். தண்டை மாட்டி, இரு முனையையும் பிடித்து ஆட்டும்போது இணைப்பில் 'கடக் கடக்' என்று தளர்வு தெரிந்தால் வேண்டாம். அது கூடுமே தவிரக் குறையாது. இருமுனையாக மாட்டும்போது மொத்தம் 230 செ.மீ.யாவது வருகிறதா என்று அளந்து கேளுங்கள். தகடு பெரிதாக இருந்தால் வேகம் வரும் என்று நினைக்க வேண்டாம். பெரிய தகடு தோளைத்தான் முதலில் களைக்க வைக்கும். காசு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் தகட்டில் செலவழிக்காமல் தண்டில் செலவழியுங்கள். கண்ணாடி நாரிழையோ கார்பனோ கலந்த தண்டு எடை குறைவு, வெயிலில் கையும் சுடாது.

அண்ணா, என் எட்டு வயது மகன் அதே 220 செ.மீ. துடுப்போடு நின்றுகொண்டு ஜோராகப் போகிறான். உங்கள் கணக்கு தவறா?

கணக்கு சரிதான், ஆள் மாறிவிட்டான். அவனுக்கு 120 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். கையைத் தொங்கவிட்டால் பலகையிலிருந்து 50 செ.மீ.; எடை குறைவு என்பதால் பலகை சற்றுக் கூடுதலாக மிதக்கும், அதற்கு ஒரு 12. மொத்தம் 62. கைகளுக்கு இடையே 40 செ.மீ. விட்டுப் பிடித்தால் பக்கத்துக்கு 90 மிச்சம். தகட்டில் 28 செ.மீ. தண்ணீருக்குள் போகிறது. சிறுவனின் பலத்துக்கு அது போதும். உங்களுக்கு எட்டாத துடுப்பு அவனுக்கு எட்டுகிறது.

ஆனால் அலுமினியத் தொகுப்புத் துடுப்பு ஒரு கிலோவுக்குக் குறையாது. அவன் உடம்புக்கு அது பெரிய சுமை. அரை மணி நேரத்துக்குள் கை தாழும், தகடு பலகையில் இடிக்க ஆரம்பிக்கும். அப்போது உட்காரச் சொல்லுங்கள். தொடர்ந்து வருகிறான் என்றால் 140 செ.மீ. அளவில் சிறுவர்களுக்கான ஒருமுனைத் துடுப்பு ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்த 220-ஐ நீங்கள் உட்கார்ந்து போட வைத்துக்கொள்ளுங்கள்.